துறை தேர்தல்: இணைய வேலைத் தளம் தொடங்குவோர்க்குச் சில விளக்கங்கள்

வேலை தேடுபவனையும் ஆள் தேடுபவனையும் ஒன்று சேர்த்து வைத்து, அதற்கொரு கூலி பெறுகின்ற தொழில் இன்று நேற்றுத் தோன்றியதன்று. பத்திரிகைகளின் பின்பக்கங்களிலே வரிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு 'ஆள் தேவை' விளம்பரங்கள் வெளியிட்ட காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். இப்பொழுது அத்தொழில் பெரும்பாலும் இணையத்துக்குக் குடிபெயர்ந்து விட்டது. கணினி கற்ற நம் இளைஞர் சிலர், தாமும் அப்படியொரு வேலைத் தளம் தொடங்கலாமா என்று எண்ணுவதையும், பெற்றோரின் சேமிப்பிலிருந்து சில ஆயிரம் வெள்ளியை அதிலே போட முற்படுவதையும் காண்கிறோம். தளத்தை அமைப்பது இன்று கடினமான காரியமன்று. ஆயத்தமாகச் செய்து வைத்த மென்பொருளை மாத வாடகைக்கே வாங்கலாம். அதிலே எந்த வேலைகளைப் போடுவது, எவற்றை விடுவது என்று முடிவு செய்வதிலேதான் கடினம் இருக்கிறது. அம்முடிவை எவ்வாறு எடுக்க வேண்டும் என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் பொருள்.

முதற்கண் இத்தொழில் நடக்கும் விதத்தைத் தெளிந்து கொள்வோம். வேலைத் தளம் என்பது இரு தரப்பாரும் வந்து கூடுகின்ற ஒரு சந்தை. ஒரு பக்கம் வேலை வேண்டுவோர். மறு பக்கம் ஆள் வேண்டுவோர். ஆட்கள் இல்லாத சந்தைக்கு முதலாளி வரமாட்டார். வேலைகள் இல்லாத சந்தைக்கு ஆட்கள் வரமாட்டார்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் நிரப்ப வேண்டியிருப்பதுதான் இத்தொழிலின் முதல் தொல்லை. இரண்டாவது, பணம் கொடுப்பது ஒரு பக்கத்தார் மட்டுமே. வேலை தேடுவோரிடம் காசு வாங்குவது அறமும் ஆகாது, நெடுநாள் நடக்கவும் நடக்காது. ஆகவே விளம்பரம் போடுகின்ற நிர்வாகங்கள்தாம் தளத்தின் உண்மையான வாடிக்கைக்காரர்கள். இதனை மறந்து, 'வேலை தேடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்களே!' என்ற உற்சாகத்தில் தொடங்கப்படும் தளங்கள் சோர்ந்து போவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்த வரலாற்றிலேயே இதற்கொரு படிப்பினை உண்டு. கங்காணி என்பவர் யார்? தாம் வேலை செய்யும் தோட்டத்துக்கு ஆள் சேர்க்க உரிமம் பெற்று, தம் சொந்தக் கிராமத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் சென்று வந்தவர். எல்லாத் தொழிலுக்கும் அவர் ஆள் பிடிக்கவில்லை. எல்லா ஊருக்கும் போகவுமில்லை. ஒரு தோட்டம், ஒரு தொழில், ஒரு வட்டாரம். தோட்டத்துத் துரைக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டுமென்பதும் அவருக்குத் தெரியும். ஊரிலே எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்பதும் தெரியும். இரு முனையையும் அறிந்திருந்ததே அவருடைய முதல். அம்முறையிலே வந்த பிரயாணச் செலவும் முன்பணமும் ஏழைகளின் தலையிலே கடனாக ஏறியதும், பொய்யான ஆசை வார்த்தைகள் சொல்லப்பட்டதும் நாம் அறிந்தவையே. பயணச் செலவைத் தோட்ட நிர்வாகங்களே ஏற்க வேண்டும் என்பதற்காக 1907-இல் குடிநுழைவு நிதியொன்று ஏற்பட்டது. பின்னர் 1938-இல் இந்திய அரசாங்கமே அவ்வகையில் ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. இரு முனையையும் அறிந்தவனுக்கே இத்தொழில் கைகூடும் என்பதும், செலவு எந்தப் பக்கத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்தே அது நல்லதாகவோ கெட்டதாகவோ ஆகிறது என்பதும் இவ்வரலாற்றால் விளங்கும்.

பெருஞ்சந்தைகளின் கதை

இணையத்திலே முதலில் எழுந்தவை எல்லாச் சரக்கும் வைத்த பெருங்கடைகளே. அமெரிக்காவில் பாஸ்டன் வட்டாரத்திலே 1994-இல் 'மான்ஸ்டர்' தளம் தோன்றியது. அடுத்த ஆண்டிலே 'கேரியர்பில்டர்' நிறுவனம் வேறு பெயரில் தொடங்கிற்று. 1997-இல் ஆஸ்திரேலியாவில் 'சீக்', இந்தியாவில் 'நௌக்ரி', நம் நாட்டிலே பினாங்கில் 'ஜாப்ஸ்ட்ரீட்' ஆகியவை பிறந்தன. ஒரே ஆண்டில் மூன்று நாடுகளிலே ஒரே எண்ணம் முளைத்தது வியப்புக்குரியது. ஜாப்ஸ்ட்ரீட்டை 2014-இல் சீக் நிறுவனம் வாங்கிக்கொண்டது. பிறகு ஒவ்வொரு தளமாகச் சென்று தேடும் சிரமத்தைப் போக்க, எல்லாத் தளங்களிலும் உள்ள விளம்பரங்களைத் திரட்டிக் காட்டும் 'இண்டீட்' 2004-இல் வந்தது. 2012-இல் ஜப்பானிய நிறுவனமான ரெக்ரூட் அதனை வாங்கியது. 2017-இல் கூகுள் தானே தேடற்பக்கத்திலே வேலைகளைத் தொகுத்துக் காட்டலாயிற்று. இவற்றோடு, தொழில் புரிவோர் தம் அனுபவங்களைப் பதிந்து வைக்கும் 'லிங்க்ட்இன்' வேறு.

இத்தனைக்கும் நடுவிலே முன்னோடிகளின் கதி என்ன? ஒரு காலத்தில் உலகெங்கும் பெயர் பெற்றிருந்த மான்ஸ்டரும் கேரியர்பில்டரும் 2024-இல் ஒன்றாக இணைந்தும், 2025 ஜூனில் அமெரிக்க நீதிமன்றத்திலே திவால் பாதுகாப்புக் கோரின. அவ்வளவு பெரிய பெயரும் முதலும் உடையவர்களுக்கே பொதுச் சந்தை இவ்வாறாயிற்று. நம் நாட்டிலோ இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெர்கேசோ 2020 முதல் நடத்தி வரும் 'மைஃபியூச்சர்ஜாப்ஸ்' என்ற அரசாங்கத் தளத்திலே நிர்வாகங்கள் இலவசமாகவே விளம்பரம் செய்யலாம். சிங்கப்பூரிலும் 2018 முதல் 'மைகேரியர்ஸ்ஃபியூச்சர்' இருக்கிறது. ஒரு பக்கம் இலவசம், மறு பக்கம் மலைபோன்ற நிறுவனங்கள். இடையிலே ஓர் இளைஞன், 'எல்லா வேலையும் இங்கே கிடைக்கும்' என்று பலகை மாட்டினால் யார் எட்டிப் பார்ப்பார்?

ஆகவேதான் சிறப்புத் துறை வேண்டும் என்கிறோம். 'சிறியவன் சிறிய இடத்திலே பிழைத்துக் கொள்ளட்டும்' என்ற இரக்கத்தால் சொல்வதன்று இது. பொதுத் தளத்தால் செய்ய இயலாத ஒரு காரியத்தைச் சிறப்புத் தளம் செய்ய முடியும். அது எதுவென்று ஓர் உதாரணத்தால் காட்டுவேன்.

தோட்டப்புறத்தில் வாழ்பவன் ஆதலால், எனக்குத் தெரிந்த செம்பனை ஆலையையே எடுத்துக் கொள்கிறேன். வெட்டிய செம்பனைக் குலையை நெடுநேரம் கிடத்தி வைக்கலாகாது. ஏறத்தாழ ஒரு நாளைக்குள் ஆலையிலே நீராவியில் வேக வைத்துவிட வேண்டும். தாமதித்தால் எண்ணெயிலே கொழுப்பு அமிலம் ஏறித் தரம் கெட்டு விலை இறங்கும். ஆதலின் ஆலைக்கு உயிர் நீராவி. அந்நீராவியைத் தருகின்ற கொதிகலனுக்கு நார், ஓடு ஆகிய ஆலைக் கழிவே விறகு. அதே நீராவி சுழலியை ஓட்டி, ஆலைக்கு வேண்டிய மின்சாரத்தையும் தருகிறது. கொதிகலனைச் சான்றிதழ் பெறாத ஒருவர் கையில் விட்டுவிடச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. அதன் அளவுக்கேற்ப நீராவிப் பொறியாளரோ, முதல் தர அல்லது இரண்டாம் தர பாய்லர்மேனோ பொறுப்பில் இருந்தாக வேண்டும். மின்சாரப் பகுதிக்கு எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற சார்ஜ்மேன் வேண்டும். அவரிலும் 'ஏ' பிரிவு தாழ் அழுத்தத்துக்கு, 'பி' பிரிவு உயர் அழுத்தத்துக்கு என வகைகள் உண்டு. எழுத்தை அடுத்து வரும் எண்ணும் ஒரு பொருளுடையது.

இப்பொழுது பாருங்கள். பாய்லர்மேன் ஒருவர் திடீரென்று விலகினால் அந்த ஆலை என்ன செய்யும்? ஒரு பொதுத் தளத்திலே 'டெக்னீஷியன் தேவை' என்று போடும். அத்தளத்தின் படிவத்திலே 'எந்தத் தரச் சான்றிதழ்?' என்று கேட்கும் கட்டமே இராது. 'கல்வித் தகுதி: எஸ்.பி.எம்., டிப்ளோமா, பட்டம்' என்று மட்டும் இருக்கும். குளிர்சாதனம் பழுது பார்ப்பவர், கைப்பேசி பழுது பார்ப்பவர், நேற்றுத்தான் பட்டம் பெற்றவர் என்று நூறு மனுக்கள் வந்து குவியும். ஆலை மானேஜர் அத்தனையையும் புரட்டிப் பார்த்து, சான்றிதழ் உடையவர் இருவரைக் கண்டுபிடிப்பார். அவ்விருவரில் ஒருவர் சபாவில் இருப்பார். தீபகற்பத்தார் அங்கு சென்று வேலை செய்வதற்கு அனுமதி வேண்டுமென்பதையும், அங்கிருந்து இங்கு வருவோர் குடும்பத்தைப் பெயர்த்து வர வேண்டுமென்பதையும் பொதுத் தளம் யாருக்கும் எடுத்துச் சொல்லாது.

சிறப்புத் தளம் நடத்துபவனோ தன் படிவத்தை வேறு விதமாக அமைப்பான். சான்றிதழின் தரம், எவ்வகைக் கொதிகலனில் எத்தனை ஆண்டு, இரவு மாற்றுவேலை உண்டா, குடியிருப்பு வீடு கிடைக்குமா, எந்த மாநிலம் என்று ஐந்தாறு கேள்விகள். (அருகில் தமிழ்ப்பள்ளி உண்டா என்றும் கேட்க வேண்டும் என்பேன். பிள்ளைகள் படிக்கும் வயதிலே இருக்கும் குடும்பம் வீட்டுக்கு அடுத்தபடி கேட்பது அதைத்தான்.) கேள்விகள் சரியாக இருந்தால் நூறு மனுக்கள் வாரா; ஏழெட்டு வரும்; ஏழெட்டும் பயன்படும். மானேஜர் பணம் கொடுப்பது இந்தச் சலிப்புக்குத்தான். அரிசியை விற்பவர் பலர் இருக்கலாம். கல் பொறுக்கிய அரிசிக்குக் கூடுதல் விலை கொடுக்க ஆள் உண்டு.

துறையை எதனால் வரையறுப்பது?

துறை என்றவுடன் பலரும் தொழிலையே நினைப்பர். ஆனால் எல்லையைப் பல விதமாகக் கீறலாம். இடத்தால் கீறலாம், மொழியால் கீறலாம். நம் நாட்டிலேயே சீன மொழி பேசுவோர்க்கென 'ரைஸ்போல்' என்ற தளமும், மலாய் பேசுவோரை நாடி 'மாவ்கெர்ஜா'வும் நடைபெறுகின்றன. தமிழ் பேசுவோர்க்கென ஒன்று வேண்டாமா என்று உடனே உள்ளம் துள்ளும். துள்ளட்டும்; ஆனால் கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டும். தமிழ் தெரிந்த ஆளே வேண்டுமென்று பணம் கொடுத்து விளம்பரம் செய்யும் நிர்வாகங்கள் எத்தனை? நகைக்கடை, துணிக்கடை, உணவகம், சில வழக்கறிஞர் அலுவலகங்கள், ஒலிபரப்பு, பத்திரிகை. இவை போதுமா என்பதை உணர்ச்சியால் தீர்க்க முடியாது. எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

ஆசிரியத் தொழிலைச் சேர்ந்த எனக்கு இயல்பாகத் தோன்றும் துறை தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வேலை. நாட்டிலே 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில். நல்ல துறையன்றோ? இல்லை. ஆசிரியரை நியமிப்பது பள்ளி அன்று. கல்விச் சேவை ஆணையமும் அமைச்சும். தலைமையாசிரியர் என்ற முறையில் என் பள்ளிக்கு ஓர் ஆசிரியர் குறைந்தால் நான் மாவட்டக் கல்வி இலாகாவுக்கு எழுத முடியுமேயன்றி, விளம்பரம் கொடுக்க முடியாது. ஆட்கள் உண்டு, வேலைகள் உண்டு, பணம் கொடுப்பவர் இல்லை. எஞ்சியிருப்பவை பாலர் பள்ளிகளும் டியூஷன் நிலையங்களும் தனியார் பள்ளிகளும்தாம். இங்கிலாந்திலே பள்ளிகள் தாமே ஆசிரியரை அமர்த்துவதால், 'டைம்ஸ்' ஏட்டின் கல்வி இணைப்பு நெடுங்காலம் ஆசிரியர் விளம்பரங்களால் செழித்தது. அங்கும் 2019-இல் அரசாங்கமே பள்ளிகளுக்கு இலவசத் தளம் ஒன்றை நாடெங்கும் திறந்துவிட்டது. ஒரே தொழிலாயினும் ஆளெடுக்கும் அதிகாரம் யாரிடம் என்பதைப் பொறுத்து, ஒரு நாட்டில் விளையும் துறை இன்னொரு நாட்டில் தரிசாகிவிடும்.

இதற்கு நேர்மாறாகப் பல்கலைக்கழக வேலை. பிரிட்டனிலே வார்விக் பல்கலைக்கழகத்தார் 1998-இல் தொடங்கிய கல்விப்பணித் தளம் இன்றளவும் நடக்கிறது. ஏன்? பல்கலைக்கழகங்கள் காலியிடத்தைப் பகிரங்கமாக அறிவிக்கும் வழக்கமுடையவை; விரிவுரையாளர் ஊர் விட்டு ஊர் செல்லத் தயங்காதவர்; ஆராய்ச்சி வேலைகளோ பெரும்பாலும் இரண்டு மூன்றாண்டு ஒப்பந்தங்கள். காலியிடம் திரும்பத் திரும்ப விழுகின்ற துறை அது. ஒருமுறை ஏறினால் ஓய்வு வரை இறங்காத உத்தியோகம் எவ்வளவு உயர்ந்ததாயினும், வேலைத் தளத்துக்கு உணவாகாது.

சான்றிதழால் எல்லை கீறுவதே எல்லாவற்றிலும் உறுதியானது என்பது என் கருத்து. அமெரிக்காவிலே 'டைஸ்' என்றொரு தளம் உண்டு. 1990-இல் தொலைபேசிக் கம்பி வழியாக இயங்கிய ஓர் அறிவிப்புப் பலகையாகத் தொடங்கி, கணினித் தொழிலாளர்க்கென்றே வளர்ந்தது. அதே நிறுவனத்தாரிடம் 'கிளியரன்ஸ்ஜாப்ஸ்' என்ற இன்னொரு தளமும் உண்டு. அது 2002-இல் தோன்றியது. அரசாங்கத்தின் இரகசியப் பணிகளைப் பார்ப்பதற்குப் பாதுகாப்பு அனுமதி பெற்றவர்கள் மட்டுமே அதிலே சேரலாம். கணினித் துறையில் ஆளெடுப்பு மந்தமான 2024-ஆம் ஆண்டிலே டைஸின் வருமானம் இறங்கிற்று. அனுமதி பெற்றவர்க்கான தளத்தின் வருமானமோ ஏறிற்று. ஒரே முதலாளி, ஒரே ஆண்டு. விளைவு மட்டும் இரு வேறு. 'கணினி வேலை' என்பது காலத்தோடு ஏறி இறங்கும் ஒரு தொழில். 'அனுமதி' என்பதோ சட்டம் கேட்கின்ற தகுதி. அது இல்லாதவரை வைத்து இடத்தை நிரப்ப முடியாது. நம் பாய்லர்மேனும் சார்ஜ்மேனும் இவ்வினத்தைச் சேர்ந்தவர்களே. வியாபாரம் மந்தமென்று கணக்கு எழுதுபவரைக் குறைக்கலாம். கொதிகலன் எரிகின்றவரை அதற்குரியவர் நின்றே ஆக வேண்டும்.

சட்டம் மாறினால் துறையும் மாறும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் முதல் நாள் நீக்கப்பட்டு, தொழிலிடப் பாதுகாப்பு முழுவதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் திருத்தத்துக்குள் வந்தது. அத்திருத்தத்தால், பாதுகாப்பு அதிகாரி வைக்கக் கடமைப்படாத நிறுவனங்களும், ஐந்து பேர் வேலை செய்தாலே, தம் ஊழியரில் ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டியதாயிற்று. சட்டத்தின் ஒரு வரியிலே ஒரு புதுத் துறை பிறக்கிறது. அரசாங்கப் பதிவிதழைப் படிக்கும் பழக்கம், கணினி மொழி அறிவதைவிட இத்தொழிலுக்கு உதவும் என்று சொன்னால் மிகையாகாது.

குறுகலும் அகலமும்

ஆனால் குறுகலுக்கும் ஓர் அளவு உண்டு. அதனைக் கணக்குப் போட்டே பார்த்து விடுவோம். நாட்டிலே 400-க்கும் மேற்பட்ட செம்பனை ஆலைகள் உள்ளன. ஆலைக்கு ஆண்டுக்கு ஒரு பாய்லர்மேன் இடம் காலியாகிறதென்று வைத்துக் கொள்வோம். இது கணக்குக்காகச் சொல்வதே. 400 இடங்கள். அவற்றில் நான்கில் ஒரு பங்கு நம் தளத்துக்கு வருமாயின் 100 விளம்பரங்கள். விளம்பரத்துக்கு 150 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 15,000 வெள்ளி. 2025-இல் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, ஆண்டுக்கு 20,400. அதாவது தளத்தை நடத்துபவனின் வருமானம், அதிலே விளம்பரம் செய்யப்படும் மிகச் சிறிய வேலையின் சம்பளத்துக்கும் கீழே நிற்கிறது! செம்பனை ஆலை பாய்லர்மேன் என்பது நல்ல தொடக்கம். அதுவே முழுத் தொழிலாகாது.

அகலப்படுத்த இரு வழிகள் உண்டு. செம்பனையைப் பற்றிக்கொண்டு, கண்டக்டர், எழுத்தர், லோரி ஓட்டுநர், வெட்டுத் தொழிலாளர் என்று எல்லா வேலையையும் சேர்ப்பது ஒரு வழி. சான்றிதழைப் பற்றிக்கொண்டு, கொதிகலன் உள்ள எல்லா இடங்களையும் சேர்ப்பது மற்றொரு வழி. உணவுத் தொழிற்சாலை, மருத்துவமனைச் சலவைக்கூடம், மரம் உலர்த்தும் ஆலை, துணிக்குச் சாயமேற்றும் ஆலை என்று நீராவி வேண்டும் இடங்கள் பல. முதல் வழியிலே தளத்தின் படிவம் குழம்பிவிடும். கண்டக்டரைக் கேட்கும் கேள்வி வேறு, லோரி ஓட்டுநரைக் கேட்பது வேறு. கல் பொறுக்கும் வேலை நின்றுபோகும். இரண்டாம் வழியிலே கேள்விகள் மாறாமல் வாடிக்கைக்காரர் மட்டும் பெருகுவர். செம்பனை விலை இறங்கிய ஆண்டிலும் மருத்துவமனையிலே துணி துவைப்பது நிற்காது. ஒரே தொழிலின் அதிர்ஷ்டத்தோடு கட்டுண்டு கிடப்பதன் ஆபத்தை 2020-ஆம் ஆண்டு நோய்த்தொற்றின்போது ஹோட்டல் வேலைகளை மட்டும் நம்பியிருந்த தளங்கள் நன்றாக உணர்ந்திருக்கும்.

பெயர் பெற்ற சிறப்புத் தளங்களும் மூடப்பட்டதுண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. மென்பொருள் எழுதுவோர் உலகெங்கும் கூடும் இடமாகிய 'கிட்ஹப்' தன் வேலைப் பகுதியை 2021-இல் மூடிற்று. அதே கூட்டத்தார் கேள்வி கேட்டு விடை பெறும் 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' 2022-இல் மூடிற்று. இரண்டுக்கும் ஆட்கள் பஞ்சமே இல்லை. ஆயினும் அவற்றின் முதன்மைத் தொழில் வேறு. வேலை விளம்பரம் பக்கத் தொழில். ஆதலால் பிறர் மேல் பொறாமை கொண்டு, 'நம்மிடம் கூட்டம் உண்டு, நாமும் வேலைத் தளம் போடுவோம்' என்று எண்ணும் சங்கங்களும் பத்திரிகைகளும் சற்றே நின்று யோசிப்பது நல்லது. மறுபுறம், இண்டீட்டைத் தொடங்கிய இருவரும் அதற்கு முன்னர் நிதித்துறை வேலைகளுக்கென ஒரு சிறப்புத் தளம் நடத்திப் பழகியவர்கள் என்பதும் கவனிக்கத்தக்கது.

துறை தேர்ந்தபின் முதலில் யாரை அழைப்பது, ஆட்களையா நிர்வாகங்களையா? ஆட்களையே. ஆனால் வேலை இல்லாத தளத்துக்கு அவர்கள் எதற்காக வருவார்கள்? வேலை அல்லாத ஏதோ ஒரு பயனுக்காக. இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு ஏறுவதற்கு எத்தனை நாள் கொதிகலன் பக்கம் நின்ற சான்று வேண்டும், தேர்வுக்கு எங்கே மனுச் செய்வது, எந்தப் பயிற்சி நிலையத்தில் இடம் உண்டு, சட்டம் மாறியதால் பழைய சான்றிதழ் என்னவாகும் என்பன போன்றவற்றைத் தமிழிலும் மலாயிலும் தெளிவாக எழுதி வைத்தால் போதும், அவர்கள் வருவார்கள். எங்கள் வட்டாரத்திலே தொழிற்பயிற்சி முடித்த பிள்ளைகள் பலர், அடுத்த படி எது என்று தெரியாமல் கோலாலம்பூருக்குக் காவற்காரர் வேலைக்கும் பொருள் பட்டுவாடா வேலைக்கும் போய்விடுகிறார்கள். கையிலே இருக்கும் கல்வியைப் படியாக்கத் தெரியாததுதான் குறை. தளம் வருமானம் தருமோ தராதோ, இந்த ஒரு பக்கமே ஒரு நல்ல காரியம்.

இக்காரியத்திலே ஏற்கனவே இருக்கும் போட்டியை அலட்சியம் செய்யலாகாது. பாய்லர்மேன்களுக்கும் சார்ஜ்மேன்களுக்கும் வாட்ஸ்அப், டெலிகிராம், ஃபேஸ்புக் குழுக்கள் உண்டு. வேலை காலியென்றால் அங்கே இலவசமாக ஒரு வரி போட்டால் போயிற்று. அக்குழுக்களிலே இல்லாத எதைத் தளம் தரும்? ஒன்று, நேற்றுப் போட்ட செய்தி இன்று நூறு செய்திகளுக்கு அடியிலே புதையாமல், தரம் வாரியாக, மாநிலம் வாரியாக நிற்பது. மற்றொன்று நம்பிக்கை. இதனைச் சிறிதும் குறைத்து மதிப்பிட வேண்டாம். 2022-இல் அதிகச் சம்பள ஆசை காட்டிய விளம்பரங்களை நம்பி நம் நாட்டு இளைஞர் பலர் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் சென்று, அடைபட்டு, பிறரை ஏமாற்றும் இணைய மோசடி வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டதை நாடே அறியும். பெருந்தளம் நாள்தோறும் வரும் ஆயிரக்கணக்கான விளம்பரங்களை ஒவ்வொன்றாக விசாரிக்க இயலாது. வாரத்துக்குப் பத்து விளம்பரம் பெறும் சிறப்புத் தளம், ஒவ்வோர் ஆலைக்கும் தொலைபேசி எடுத்து, 'ஐயா, இந்த விளம்பரம் உங்களுடையதுதானா? சம்பளம் இதுதானா?' என்று கேட்க முடியும். துறை அறிந்தவனுக்குப் பொய்யும் எளிதிலே தெரியும். இரண்டாம் தரச் சான்றிதழுக்குப் பதினைந்தாயிரம் வெள்ளி சம்பளம் என்று எவராவது போட்டால், அத்துறையில் பழகியவன் சிரித்துவிட்டு அழித்துவிடுவான்.

சட்டக் கடமைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டிலே தனியார் வேலை முகவர் தொழிலுக்கு 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுண்டு; 2017-இல் அது திருத்தப்பட்டு இறுக்கமாயிற்று. உரிமம் இன்றி அத்தொழில் நடத்துவது குற்றம். ஆகவே தம் தளம் அதற்குள் எவ்வாறு அடங்கும், எவ்வகை உரிமம் வேண்டும் என்பதைத் தொழிலாளர் இலாகாவில் கேட்டறியாமல் ஒரு வெள்ளியும் செலவழிக்கக் கூடாது. மனுச் செய்வோரின் அடையாள அட்டை எண், சான்றிதழ் நகல் முதலியவற்றைப் பெற்று வைத்தால், 2010-ஆம் ஆண்டின் சொந்தத் தகவல் பாதுகாப்புச் சட்டமும் வந்து சேரும். வேண்டாததைக் கேட்காமலிருப்பதே சிக்கனமான வழி. அடையாள அட்டை நகலை நிர்வாகம் நேர்முகத்தின்போது பார்த்துக் கொள்ளட்டும்.

இனி, ஒரு துறை மனத்திலே தோன்றியவுடன் செய்ய வேண்டிய சோதனை. மென்பொருள் வாங்கும் முன் முழுதாக ஒரு மாதம் ஒதுக்குங்கள். பொதுத் தளங்களிலும் அரசாங்கத் தளத்திலும் குழுக்களிலும் அத்துறையின் விளம்பரங்களை நாள்தோறும் ஒரு நோட்டுப் புத்தகத்திலே எழுதி வாருங்கள். யார் போட்டது, எந்த ஊர், என்ன தகுதி, எத்தனை நாளில் மறைந்தது, மறுபடி தோன்றியதா என்று பிரித்து எழுத வேண்டும். ஒரே ஆலை ஒரே வேலைக்கு மூன்று முறை விளம்பரம் செய்திருந்தால் அதுவே உங்கள் முதல் வாடிக்கைக்காரர். ஏனெனில் மற்ற வழிகள் அவருக்குப் பயன்படவில்லை என்று அவரே காட்டிவிட்டார். மாத முடிவில் அவர்களில் பத்துப் பேரை அழைத்து, 'கடைசியாக இந்த இடத்தை எப்படி நிரப்பினீர்கள்? எவ்வளவு செலவாயிற்று?' என்று மட்டும் கேளுங்கள். 'என் தளத்துக்கு வருவீர்களா?' என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு எல்லோரும் வருவதாகவே சொல்வார்கள்.

அந்த நோட்டிலே முப்பது நாளில் இருபது விளம்பரங்கூட ஏறாவிட்டால், அத்துறையைத் தனியாக நடத்த முடியாது. பக்கத்துச் சான்றிதழ் ஒன்றைச் சேர்த்து மறுபடி ஒரு மாதம் எண்ண வேண்டும். பாய்லர்மேனோடு சார்ஜ்மேனைச் சேர்க்கலாம். அவரோடு ஆலைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்குச் சுற்றுச்சூழல் இலாகா கேட்கும் தகுதியாளரைச் சேர்க்கலாம். மூவரையும் தேடுபவர் பெரும்பாலும் ஒரே ஆலை மானேஜராகவே இருப்பார். ஆதலால் விளம்பரங்கள் கூடினாலும் பழக வேண்டிய ஆட்கள் கூடமாட்டார்கள். முதல் மூன்று மாதம் கட்டணம் வாங்காமல் போட்டுக் கொடுத்து, இடம் நிரம்பியதா என்று ஒவ்வொன்றையும் பின்தொடர்ந்து எழுதி வைத்தால், நான்காம் மாதம் கட்டணம் கேட்கும்போது காட்டுவதற்குக் கையிலே ஒரு கணக்கு இருக்கும்.